மூன்று புள்ளி வைத்த கைப்பிடி

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது நல்லவிதமாக எழுதுவார்கள் என்று காத்திருந்தால் அது இந்த ஜென்மத்தில் நடக்காது. அவர் பேர் அவ்வளவு கெட்டுக் கிடக்கிறது. அதனால் நானே எழுதுகிறேன். நல்லவிதமாக வருமா என்று தெரியவில்லை. இதில் என் பங்கும் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

அவர் பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதற்கு ஈறும் பல்லும் செய்து கொடுப்பார். முப்பத்தோரு வருஷமாக இதுதான் தொழில். கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எழுபது வயதுக்காரருக்கு இருபது வயதுப் பல்லை மாட்டி அனுப்புகிற ஆள் இல்லை. மிச்சமிருக்கும் சொந்தப் பல் டீ குடித்தே பழுப்பேறியிருந்தால், பக்கத்தில் வைக்கும் பொய்ப்பல்லுக்கும் அதே பழுப்பைக் கொடுப்பார். முன்பல் ஓரத்தில் லேசாகத் தேய்த்துவிடுவார், மயிரிழை அளவு ஒரு கீறல் போடுவார். கேட்டால், "குறையோட செஞ்சாத்தான் நம்புவாங்க" என்பார். அப்போது நானும் சிரித்திருக்கிறேன்.

முன்னறை பல்லுக்கு, பின்னறை விமானத்துக்கு. நடுவில் இருந்த ஒரே அறையில் நாங்களும் மகளும் காலை மடக்கிக்கொண்டு படுத்தோம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போகும்வரை அதே கதைதான். விமானம் என்றால் முழு விமானம் என்று பயந்துவிட வேண்டாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் பறந்த ஒரு சண்டை விமானத்தில் விமானி உட்காரும் காக்பிட் மட்டும். ஒரே ஆள்தான் உட்கார முடியும். அதுவும் என்னை மாதிரி உடம்பு என்றால் கப்பி வைத்து இறக்க வேண்டும்.

கூட்டை அலுமினியத் தகட்டில் அவரே செய்தார். உள்ளே இருக்கும் பாகங்களைத் தேடித்தான் ஆயுசில் பாதி போனது. உயரம் காட்டும் மீட்டர் ஒரு முடிதிருத்தும் கடையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தொங்கியது. ஓடாத கடிகாரம் என்று கடைக்காரர் அதை நினைத்திருந்தார். வேகத்தைக் கூட்டுகிற நெம்புகோல் ஒரு கோழிப் பண்ணைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. விசேஷ வீட்டுக்குக் கூட்டிப்போனால் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணாது. பக்கத்தில் எங்கே பழைய இரும்புக்கடை இருக்கிறதோ அங்கே போய்ப் பிடித்து இழுத்து வர வேண்டும். நல்ல வேட்டி, அதில் கிரீஸ். எத்தனை நாள் திட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இவரைப் போல இன்னும் பத்துப் பேர் உண்டு. சங்கம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த மீட்டரை விட்டுக்கொடுத்த முடிதிருத்துகிறவரும் பிற்பாடு அதில் சேர்ந்துவிட்டார், தொற்று வியாதி மாதிரி. அவரைக் கத்திரி என்று கூப்பிடுவார்கள். அவர்கள் உலகத்தில் அசல் கிடைக்காத பாகத்துக்கு நகல் செய்து வைப்பது தப்பில்லை. நகலை அசல் என்று சொல்வதுதான் பெரும் தப்பு. ஒரு தடவை ஒருவர் போலி திசைகாட்டியை அசல் என்று நம்பி ஏமாந்துபோக, என் வீட்டுக்காரர்தான் எழுந்து ஒரு விதி சொன்னார். நகல் எதுவானாலும் அடிப்பாகத்தில் முக்கோணமாக மூன்று புள்ளி துளைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் அது அசல். அசல் என்றால் யாரிடமிருந்து வந்தது என்று எழுதிக் காட்ட வேண்டும். பல்லில் துளை போடும் சின்ன டிரில் இவரிடம் இருந்ததால் சங்கத்தில் எல்லோருடைய நகலுக்கும் புள்ளி போடுகிற பொறுப்பும் இவருக்கே வந்தது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஒன்று மட்டும் சிக்கவில்லை. விமானி கால்களுக்கு நடுவே பிடித்துத் திருப்புகிற தண்டின் உச்சியில் இருக்கும் கைப்பிடி. அசல் இல்லாவிட்டால் போகிறது, அச்சு எடுக்கவாவது ஒன்று வேண்டுமே. இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் கத்திரிதான். நாலு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் அப்பா விமானியாக இருந்தவராம், அவர் கைப்பிடி அந்த வீட்டில் இருக்கிறதாம்.

அவளை எனக்கும் பழக்கம்தான். ஐம்பதைத் தாண்டியவள், என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். எதைக் கையில் எடுத்தாலும் திருப்பி அடியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பாள். மருந்தில் தேதி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போனபோது ஒரு துண்டில் சுற்றிய கைப்பிடியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். கறுப்பாக, கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழுவழுவென்று, ஒரு பக்கம் கருகி, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து இருந்தது.

"எனக்கு எட்டு மாசம் இருக்கும்போது விமானம் விழுந்துடுச்சு. உடம்புன்னு காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லையாம். கூட வேலை பார்த்த மெக்கானிக் இதைத்தான் கழட்டிக்கிட்டு வந்து எங்கம்மாகிட்ட குடுத்தாராம்" என்றாள். "பரீட்சைக்குப் போறப்போ, பிரசவத்துக்குப் போறப்போ, கடை திறந்த அன்னிக்கு, இதைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். எங்கப்பா கையை நான் பிடிச்சதில்லை. அவர் பிடிச்சதைப் பிடிக்கிறேன், அவ்வளவுதான்."

அச்சு எடுக்க இரண்டு வாரம் வேண்டும் என்றார் இவர். அவள் யோசித்தாள். "அசல் எது, நகல் எதுன்னு எப்படி சார் தெரியும்?"

இவர் மூன்று புள்ளி விஷயத்தைச் சொன்னார். தன் பையிலிருந்த ஒரு நகல் குமிழைத் திருப்பிக் காட்டவும் செய்தார். "எங்க ஆளுங்ககிட்ட இதுல மட்டும் பொய்யே கிடையாதும்மா."

"அப்போ புள்ளி இல்லாததுதான் எனக்கு வரணும்" என்று சிரித்துக்கொண்டே அந்தத் துண்டோடு தூக்கிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு நாள் அவர் முன்னறையை விட்டு எழுந்திருக்கவில்லை. பல் அச்சு எடுக்கிற ரப்பர் பசையில் அச்செடுத்து, ஈறு செய்கிற அதே அக்ரிலிக் பொடியில் கறுப்புச் சாயம் கலந்து ஊற்றினார். எடை சரியாக வருவதற்காக உள்ளே தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு நாலைப் புதைத்து மூடினார். கருகல், சில்லு, கட்டைவிரல் தேய்மானம், ஒன்று விடவில்லை. முடித்துவிட்டு இரண்டையும் மேஜைமேல் வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"எதுங்க எது?" என்றேன்.

"நீயே சொல்லு."

தூக்கிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், தோற்றுப்போனேன். திருப்பினால் இரண்டிலும் புள்ளி இல்லை. "புள்ளி போடலையா?" என்றதற்கு, "நாளைக்குப் போடணும்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கைப்பிடி அதே துண்டில் சுற்றித் தயாராக இருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் ஏதோ ஒரு நெடி வந்தது. முப்பது வருஷமாக என் புடவையில், தலைமுடியில், சோற்றுத் தட்டில்கூட அடித்த நெடி அது, அக்ரிலிக் திரவத்தின் புளிச்ச வாடை. குனிந்து துண்டை முகர்ந்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, என்னென்னவோ செய்திருக்கிறார், ஆனாலும் அடியில் அது இருந்தது. மடியில் இருப்பது நகல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மூக்குக்குத் தெரியாது, என் மூக்குக்குத் தெரியும்.

அவள் வீட்டு வாசலில் இவர் வண்டியை நிறுத்தி இறங்காமலே, "நீ போய்க் குடுத்துட்டு வா" என்றார். அப்போது நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வாயில்லாப் பூச்சி இல்லை, கீரைக்காரி ஒரு கட்டு குறைத்தால் தெருவே கேட்கும்படி சண்டை போடுகிறவள். ஆனால் அன்று கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மனுஷன் இதற்கே அலைகிறார், இன்றோடு முடிந்தது என்றால் எனக்கும் ஒரு அறை மிச்சமாகும் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியப்போவதில்லையே என்றும் நினைத்தேன். கேவலமான நினைப்புத்தான், ஆனால் நினைத்தேன்.

உள்ளே போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் முதலில் அதைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பத்திரமா இருந்துச்சா அக்கா?"

"பத்திரமா இருந்துச்சும்மா" என்றேன்.

ஒரு மாதம் அவர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. சாயங்காலம் ஆனால் பின்னறைக்குள் போய் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். பிறகு சங்கத்தின் கண்காட்சி வந்தது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி அடிப்பாகத்தைக் காட்ட வேண்டும். புள்ளி இல்லை என்றால் அசல், அசல் என்றால் யார் கொடுத்தது என்று எழுத வேண்டும். அந்தக் கைப்பிடி யாருடையது, எப்போது திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் கத்திரிக்கு மனப்பாடம். இவர் இரண்டு நாள் கூண்டில் அடைத்த புலி மாதிரி நடந்தார். மூன்றாம் நாள் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரில் சத்தம் கேட்டது. ஒரு தரம், இன்னொரு தரம், மூன்றாம் தரம்.

வெளியே வந்தவர் கையில் இருந்ததைப் பார்த்தேன். ஒரு மனிதன் உயிரோடு கடைசியாகப் பிடித்திருந்த பொருளில் நகல் என்று முத்திரை குத்தியிருந்தார்.

"வேற வழியில்லை" என்றார். "நகல்னு சொன்னாத்தான் வெளியில வைக்க முடியும்."

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. சங்கத்துக்காரர்கள் கைப்பிடியைக் கழற்றிப் புள்ளியைப் பார்த்துவிட்டு, அசல்கூட இப்படி இருக்காது என்று தோளில் தட்டினார்கள். தட்டுகிற ஒவ்வொரு கைக்கும் என் வீட்டுக்காரர் நெளிந்தார். மத்தியானத்துக்கு மேல் அவளும் வந்தாள். அவரே கைகொடுத்து அவளைக் காக்பிட்டுக்குள் இறக்கிவிட்டார். அவள் காலை நீட்டி, கண்ணை மூடி, கைப்பிடியைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். தெரிந்துவிடட்டும் என்று ஒரு மனம், தெரியக் கூடாது என்று ஒரு மனம்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க சார்" என்றாள் கண்ணைத் திறந்து. "கை அப்படியே உக்காருது. ஆனா எங்கப்பாவோடத பிடிச்சா ஒரு மாதிரி இருக்கும், அது இதுல இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா" என்றார் இவர்.

அதற்கப்புறம் அவர் பின்னறைப் பக்கமே போகவில்லை. சாப்பாடு தட்டில் காய்ந்தது. வேலையில் கை நிற்கவில்லை. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டருக்குச் செய்த மேல்வரிசை ஒரு பாட்டு டீச்சருக்குப் போய்விட்டது. அந்த அம்மா வாயே மூட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று டாக்டர் போனில் கத்தினார். பத்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "திருப்பிக் குடுத்துடலாம்" என்றார்.

"என்னன்னு சொல்லி?"

"உள்ளதைச் சொல்லி."

உள்ளதைச் சொன்னால் அதில் நானும் வருவேனே. "எதுக்கு ஊரைக் கூட்டணும்? அந்தப் புள்ளியை அடைச்சுடுங்க. உங்களுக்கா தெரியாது? இன்னொரு தரம் பாக்கணும்னு வாங்கிட்டு, சத்தம் இல்லாம மாத்திக் குடுத்துடலாம்" என்றேன்.

"இன்னொரு பொய் என் கையால செய்ய முடியாது."

"யோக்கியம் இப்பத்தான் வந்து சேர்ந்துச்சாக்கும்" என்று வெடுக்கென்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம். தனியாகப் போகச் சொல்லியிருக்கலாம். எனக்கு விட மனசில்லை, என்னைப் பற்றி என்ன சொல்வாரோ என்ற பயம்.

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். இவர் டீயைத் தொடாமல் கைப்பிடியை மேஜைமேல் வைத்தார். "இதுதாம்மா உங்கப்பாவோடது. நான் உங்களுக்குக் குடுத்தது நகல். நான் திருடிட்டேன். மன்னிக்கணும்னு கேக்க வரல, இதை வாங்கிக்கங்க."

இவள் குடுத்தது என்று என்னைக் காட்டாமல், "நான் குடுத்தது" என்றுதான் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல எடுத்துத் திருப்பினாள். மூன்று புள்ளி. எழுந்து உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துத் திருப்பினாள். ஒன்றும் இல்லை.

"சார், நீங்கதானே சொன்னீங்க? புள்ளி இருந்தா நகல்னு."

"அந்தப் புள்ளியை நான் பொய்யா போட்டேம்மா."

"அசல்லயா? எதுக்கு?"

அவர் சொன்னார். கண்காட்சி, விதி, கத்திரி, எல்லாவற்றையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். உண்மை என்று தெரிந்த என் காதுக்கே அது ஜோடித்த கதை போலக் கேட்டது. அவள் தன் பக்கத்தில் இருந்ததை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னோடது வேணும். அதுக்குத்தான் இந்தக் கதை, இல்லையா சார்?"

"வேண்டாம்மா. ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க."

"எங்கப்பாவை ரெண்டாக்கி வீட்டுல வைக்கச் சொல்றீங்களா? எது அவர்னு நான் தினம் முழிக்கணுமா?"

இவர் கையைக் கூப்பிவிட்டார். "சந்தேகம்னா அதை உடைச்சுப் பாருங்க. உள்ளே நாலு ஈயக் குண்டு இருக்கும். நான் வச்சது."

அவள் மடியில் இருந்ததை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். இவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே என் கையில குடுத்தீங்க. இவர் சொல்றது நிஜமா?"

என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது.

"இல்லம்மா" என்றேன். "உன் கையில இருக்கறதுதான் உங்கப்பாவோடது. இவருக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மேஜைமேல் இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் கூட வரலைன்னா நான் இதை உடைச்சிருப்பேன் அக்கா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்." அவள் அப்பாவின் கைப்பிடி என் கைப்பைக்குள் இருந்தது.

விஷயம் அவள் வாயிலிருந்து கத்திரிக்குப் போய், அங்கிருந்து சங்கத்துக்குப் போனது. தகப்பன் முகம் பார்க்காதவளை ஏமாற்றி அசலைப் பிடுங்கப் பார்த்தவர் என்று சொல்லி அவரை நீக்கிவிட்டார்கள். அவர் போய் வாதாடவில்லை. காக்பிட்டைப் பாகம் பாகமாகக் கழற்றி ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னறை இப்போது காலியாக இருக்கிறது, கைப்பிடி மட்டும் அங்கே ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. எனக்கு அந்த அறைக்குள் போகப் பிடிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன், அவள் மனசு உடைந்துவிடும் என்றுதான் சொன்னேன் என்று. அது பொய். அவள் மனசைப் பற்றி நான் அந்த நிமிஷம் நினைக்கவே இல்லை. பத்திரமா இருந்துச்சும்மா என்று சொன்ன என்னை அவள் எப்படிப் பார்ப்பாள் என்பதை மட்டும்தான் நினைத்தேன்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது அவள் போன் செய்கிறாள். "எப்படி அக்கா சமாளிக்கிறீங்க? அவர் இப்ப தேவலையா? மாத்திரை ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்று கேட்கிறாள். "பரவால்லம்மா, இருக்கார்" என்கிறேன். நான் பேசி முடிக்கும்வரை முன்னறையில் டிரில் சத்தம் நின்றிருக்கும். போனை வைத்ததும் மறுபடி ஓடத் தொடங்கும்.